பலவேசத்தின் இடது கை

பிரிஸில்லாவுக்கு ஒரு பழக்கம். பக்கவாதத்தில் விழுந்த யாராவது "கை வருமா, கால் வருமா?" என்று கேட்டால், யோசிக்காமல் "வரும்" என்றுவிடுவாள். இத்தனை வருடப் பிசியோதெரபியில் அவள் கண்டது அதுதான்: நம்பிக்கை போன ஆள் காலைத் தூக்க மாட்டான். பாளையங்கோட்டை வீட்டில் கணவன் ஜோஷுவா கிண்டல் செய்வான். "நீ வாரம் முழுக்கச் சொல்லுத பொய்க்கு ஞாயித்துக்கிழமை ஒரு ஆராதனை பத்தாது, கேட்டியா?" அவளும் சேர்ந்து சிரிப்பாள். பசித்து அழும் பிள்ளையிடம், இந்தா சோறு வெந்துவிட்டது என்று சொல்வதில்லையா? அதுபோலத்தான் இதுவும் என்று நினைத்திருந்தாள்.

சேரன்மகாதேவியில் பலவேசத்துக்கும் அப்படித்தான் சொன்னாள். நெல் மில்லில் மூட்டை தூக்கிய மனுஷன். சித்திரையில் இடது பக்கம் விழுந்துவிட்டது. காலில் கொஞ்சம் உயிர் இருந்தது. கை மட்டும் மடங்கி, விரல்கள் இறுகி, நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. பிரிஸில்லா ஸ்கூட்டரில் போய் இறங்கினால், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

"எதுக்கு இந்தப் பாடு? எம்மவ பொறந்ததுலருந்து குலசை அம்மன் கோயில் தசராவுக்குக் காளி வேசம் கட்டுத ஆளு நான். நேர்ச்சை. இந்த வருசம் கட்ட முடியுமா? அத மட்டும் சொல்லுங்க."

பின்னால் நின்ற அவர் மனைவி செல்லக்கனி கண்ணாலேயே கெஞ்சினாள்.

"தசராவுக்குள்ள கை வந்திரும் அண்ணாச்சி" என்றாள் பிரிஸில்லா.

அன்றுதான் அவர் எழுந்து உட்கார்ந்தார். ஆடியில் கம்பை ஊன்றித் தெருமுனை வரை நடந்தார். பிறகு ஒருநாள் அவள் போனபோது கட்டிலைக் காணோம். தரையில் பாய். அவர் கழுத்தில் துளசி மாலை. ஆள் தெளிந்துவிட்டார் என்று அவளுக்குச் சந்தோஷம்.

"மாலை நல்லாருக்கு அண்ணாச்சி" என்று வேறு சொல்லிவைத்தாள்.

செல்லக்கனி அவளை அடுக்களைக்குள் கூப்பிட்டாள். "மாலை போட்டாச்சுன்னா, வேசம் கட்டி, ஊரூராப் போய்க் காணிக்கை பிரிச்சு, கோயில்ல சேத்தாத்தான் கழத்தணும். நடுவுல கழத்துனா குடும்பத்துக்கு ஆகாது. நீங்க சொன்னத நம்பித்தான் போட்டுருக்காவ."

கோயில் தெருப் பக்கம் போயிராத பிரிஸில்லாவுக்கு மாலையின் கட்டு எங்கே தெரியும்? காளி என்றால் தலையில் கிரீடம், முதுகில் கட்டிய மரக் கைகள், ஒரு கையில் வாள், மறு கையில் சூலம். அந்த இடது கை ஒரு கரண்டியைக்கூடப் பிடிக்காது. அது அவளுக்கு எப்போதோ தெரியும்.

ஓடி ஒளிய முடியாது. அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, நான் சொன்னது பொய். கால் வந்துட்டு. கை வராது."

அவர் மாலையைப் பிடித்துக்கொண்டார். "மாலை போடுததுக்கு முன்ன சொல்லிருக்கலாம்லா" என்றார். வைதிருந்தால் தேவலை. "நாளைக்கு வர வேண்டாம்."

அந்தச் சனிக்கிழமை அவள் சர்ச் பாடகர் குழுவின் ஒத்திகைக்குப் போகவில்லை. ஜோஷுவா கிண்டல் செய்யவில்லை.

தசரா வந்தது. பாளை மார்க்கெட்டில் மேளச் சத்தம் காதைப் பிளந்தது. பழக்கடை முன்னால் கூட்டம். எட்டிப் பார்த்தாள். கிழிந்த சாக்கைப் போர்த்தி, முகமெல்லாம் கரி பூசி, கழுத்தில் தட்டைத் தொங்கவிட்டு ஒரு பிச்சைக்காரன் வேஷம். வலது கையில் கம்பு. இடது கை மடங்கி நெஞ்சில் ஒட்டியிருந்தது.

"ஏலே, கையப் பாத்தியா! என்னமா இழுத்து வச்சிருக்காரு!" என்று போனில் படம் பிடித்தவன் கூவினான். "நெசமான வாதக்காரன் தோத்தான்!"

கடைக்காரர் சிரித்துக்கொண்டே தட்டில் ரூபாயைப் போட்டார். பலவேசம் அவளைப் பார்த்துவிட்டார். காலை இழுத்துக்கொண்டு பைய அவள் முன்னால் வந்து நின்றார்.

"அம்மனுக்கு எந்த வேசம்னாலும் வேசந்தான்" என்றார் தாழ்ந்த குரலில். "ஒரு பயலும் கண்டுபிடிக்கல."

பிரிஸில்லா பையைத் துழாவி ரூபாயை எடுத்துத் தட்டில் போட்டாள். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது.

"அழாதீய, டாக்டரம்மா" என்றார் அவர் அவசரமாக. "நீங்க அழுதா இவனுவளுக்குத் தெரிஞ்சிரும்."

பிரிஸில்லா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு கூட்டத்தோடு சேர்ந்து கைதட்டினாள்.