பாதி மாத்திரை

கடைவாய்ப் பல் வலிக்க ஆரம்பித்த ஒன்பதாம் நாள், நான் பஸ் படியில் கால் வைப்பதற்குள் என் கன்னம் முன்னால் போய் ஜன்னலோரம் இடம் பிடித்துவிட்டது. கண்டக்டர் இரண்டு டிக்கெட் கிழித்தார். நான் தகராறு செய்யவில்லை. அதற்கு வாயைத் திறக்க வேண்டுமே.

பல் மருத்துவர் என்றால் எனக்குப் பயம். எழுபத்து மூன்று வயதில் அதை மறைக்கத் தெம்பில்லை. முன்பு இரண்டு முறை நாற்காலி வரை போயிருக்கிறேன். முதல் முறை கழிப்பறை எங்கே என்று கேட்டுவிட்டு நேராக வீட்டுக்கு வந்தேன். இரண்டாம் முறை நான் பிடித்த பிடியில் நாற்காலியின் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. இருபது வருஷம் அந்தத் தெருப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

அன்று பஸ் ஏறிப் போய்ப் பார்த்த மருத்துவர் சின்னப் பெண். சீழ் வைத்திருக்கிறது, பல்லை எடுக்க வேண்டும், இனியும் தள்ளினால் தாடைக்கு இறங்கிவிடும் என்றாள். பயத்துக்கு மூன்று வழி சொன்னாள்: மூக்கில் வைக்கும் சிரிப்பு வாயு, நரம்பில் ஏற்றும் மருந்து, ஒரு மணி நேரம் முன்னால் போடும் மாத்திரை. முன்பின் தெரியாதவர்கள் முன்னால் சிரிக்க எனக்கு இஷ்டமில்லை. நரம்பில் ஏற்றுவதும் ஊசிதான். ஆகவே மாத்திரை. ஆனால் அது ஆளை அசத்துமாம், தெளிவாக இருக்கும் ஓர் ஆள் கூட வந்து என்னை வீட்டில் சேர்க்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்துக் கூட வந்தவள் என் மனைவி. எங்கள் வீட்டில் எந்த மாத்திரையும் முழுசாக ஒரு வயிற்றுக்குப் போனதில்லை. தலைவலி மாத்திரையைக்கூடக் கத்தியால் வெட்டி ஆளுக்குப் பாதி போடுவோம். அன்று காலையும் அவள் நீட்டிய பாதியை விழுங்கினேன். மறு பாதியைப் பற்றி யோசிக்கவில்லை. நான் முனகிய பதினோரு நாளும் அவளும் கண் மூடவில்லை என்பதையும்தான்.

காத்திருக்கும் அறையில் நான் கொட்டக் கொட்ட விழித்திருந்தேன். என் பயம் அந்தப் பாதியைத் தின்று ஏப்பம் விட்டிருந்தது. அவளோ என் தோளில் சாய்ந்து விட்ட குறட்டையில் சுவரில் மாட்டியிருந்த பல் படம் கோணிக்கொண்டது. உள்ளே ஓடிய மெஷின் சத்தம் காதில் விழவில்லை, அதுவரை லாபம்.

மருத்துவர் வந்து அவள் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். ஒருவர் மருந்தை இன்னொருவர் தொடலாமா என்று நிதானமாகத் திட்டினாள். ஆபத்து இல்லை, ஆனால் சாயங்காலம் வரை இருவரும் அங்கேயே இருக்க வேண்டுமாம்.

"இனி உங்களுக்கு மாத்திரை தர முடியாதுங்க ஐயா. மரத்துப்போற ஊசி மட்டும் போட்டு இப்பவே எடுக்கலாம். இல்ல, அடுத்த வாரம் வாங்க."

அடுத்த வாரம் என்பது காதுக்கு அத்தனை இதமாக இருந்தது. சரி என்று எழுந்தேன். தோள் நகர்ந்ததும் என் மனைவி அரைக்கண் திறந்தாள்.

"என்னங்க, எடுத்தாச்சா?"

"ஆச்சு. நீ தூங்கு."

"அப்பாடா," என்று சுவரில் சாய்ந்து மறுபடி தூங்கிப்போனாள். பதினோரு நாளில் அந்த முகம் அப்படித் தளர்ந்து நான் பார்க்கவில்லை.

உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். வலித்தால் இடது கையைத் தூக்கச் சொன்னாள் மருத்துவர். தூக்கலாமா என்று நான் முடிவெடுப்பதற்குள் அவள் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

பஞ்சைக் கடித்தபடி வெளியே வந்து மனைவி பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் தலை சுவரில் இடித்துக்கொண்டிருந்தது. மெல்ல என் தோளுக்கு நகர்த்தினேன். எழுப்பவில்லை.