பிரேக்கின் சிவப்புக் கோடு

கென்யாவின் நகுருவில் செரோனோ நடத்தும் கார்ப் பந்தய வீடியோ விளையாட்டுக் கடைக்கு ஞாகுதீ சனிக்கிழமை காலையிலேயே வந்துவிட்டாள். பராசா அவளுக்கும் முன்பே வந்திருந்தான். இருவரும் முகத்தைப் பார்த்துக்கொள்ளவில்லை. அவ்வளவு சின்னக் கடையில் ஒருவரையொருவர் பார்க்காமல் இருப்பதற்கும் சாமர்த்தியம் வேண்டும்.

பராசா, ஊரில் ஆளேற்றி ஓடும் மட்டாட்டு வேன்களைப் பழுது பார்ப்பவன். ஞாகுதீ பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். திரையில் ஓடும் காருக்கு ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கம், டயரில் எவ்வளவு காற்று என்று கூட்டிக் குறைத்து செட்டப் போடுவதில் ஊரிலேயே இவர்கள் இருவர்தான் கெட்டிக்காரர்கள். இன்றைக்கு யாருடைய செட்டப் வேகமாக ஓடுகிறதோ, அவர்தான் கடையின் அணியோடு நைரோபி போட்டிக்குப் போகலாம்.

போன மாதம் பராசா நாலு பேர் முன்னால், அவளுடைய செட்டப் இணையத்தில் திருடியது என்று சொல்லிவிட்டான். ஓடாத வேனைத் தள்ளிவிட்டுக் கூலி வாங்குகிறவனுக்கு அப்படித்தான் தோன்றும் என்று அவளும் திருப்பிக் கொடுத்தாள். அன்று மூண்ட பகை இன்னும் அணையவில்லை.

செரோனோவின் கடையில் ஒரு வழக்கம். தன் செட்டப்பைத் தானே ஓட்டிச் சோதிக்கக் கூடாது. எதிராளிதான் பத்துச் சுற்று ஓட்ட வேண்டும். தன் காரின் குறை தன் கைக்குப் பழகிப் போயிருக்கும், அதனால் தெரியாது என்பாள் அவள். இன்னொரு சட்டமும் உண்டு. ஸ்டீயரிங்கும் பெடலும் பொருத்திய இருக்கைக்குப் பக்கத்தில் குடிக்கிற எதையும் கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்தால் அன்றைக்கு அவர் செட்டப் கணக்கில் சேராது.

முதலில் பராசா அவளுடைய செட்டப்பை ஓட்டினான். வேண்டுமென்றே மெதுவாக ஓட்டிக் கெடுப்பான் என்றுதான் ஞாகுதீ நினைத்திருந்தாள். அவன் ஒரு சுற்றில்கூடக் காலைத் தளர்த்தவில்லை. சுற்றுக்குச் சராசரி ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு புள்ளி நான்கு விநாடி. செரோனோ பலகையில் எழுதினாள்.

"டீச்சரம்மா கணக்கு சரியாத்தான் இருக்கு," என்று எழுந்தான் பராசா. "யார் நோட்டைப் பார்த்து எழுதினாங்களோ."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஞாகுதீ ஆத்திரத்தோடு போய் உட்கார்ந்து பையைப் பெடலுக்குப் பக்கத்தில் வைத்தாள். அதற்குள் இஞ்சி சோடா பாட்டில் இருந்ததை மறந்தே போனாள். இருக்கையை முன்னால் இழுத்தபோது பை சாய்ந்தது. மூடி சரியாகத் திருகவில்லை போலிருக்கிறது. சோடா பெடலில் வழிந்தது. யாரும் கவனிக்கவில்லை. குனிந்து கைக்குட்டையால் துடைத்துவிட்டு ஓட்டத் தொடங்கினாள்.

வளைவுகளில் பராசாவின் கார் சொன்னபடி கேட்டது. உள்ளுக்குள் அவளே வியந்தாள். ஆனால் நேர்ச் சாலையில் வேகம் ஏறவில்லை. நான்காவது சுற்றில்தான் கண்ணில் பட்டது: திரையின் மூலையில், பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் மறைய வேண்டிய சிவப்புக் கோடு, நகக்கண் அளவுக்கு மிச்சம் நின்றது. பெடல் ஒட்டிக்கொண்டிருந்தது. கார் வழி முழுக்க பிரேக்கை இழுத்துக்கொண்டே ஓடியது.

மற்றவர்கள் பார்த்தது நேரத்தை மட்டும்தான். ஐம்பத்து நான்கு.

"வேணும்னே மெதுவா ஓட்டுறா பாருங்க," என்றான் பராசா. "நாளைக்கு சர்ச்சுல முதல் பெஞ்சுல உட்காருவா."

யாரோ விசிலடித்தார்கள். இன்னும் ஆறு சுற்று வாயைத் திறக்காமல் ஓட்டினால் நைரோபி அவளுக்கு. காலையில் முழங்காலிட்டுக் கேட்டதும் அதைத்தான். கேட்டது கைக்கு வந்திருந்தது. ஆனால் இது கடவுள் கொடுத்ததாக அவளுக்குத் தோன்றவில்லை. தன்னை வெறுக்கிற ஒருவன் பத்துச் சுற்றும் காலைத் தளர்த்தாமல் ஓட்டியதே திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

காரை ஓரம் கட்டினாள்.

"பிரேக் ஒட்டிக்கிச்சு. என் பையில இருந்த சோடா கொட்டிருச்சு. அவர் செட்டப்புல தப்பு இல்ல."

"வேணும்னே ஊத்திட்டு இப்ப நல்லவ வேஷமா?" என்று பராசா பாய்ந்து வந்தான். தரையில் முழங்காலிட்டுப் பெடலைக் கழற்றித் தன் சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்தான். செரோனோ பலகையில் ஞாகுதீயின் பெயரை அழித்தாள்.

பராசா தலையை நிமிர்த்தாமலே சொன்னான். "அதைத் திரும்ப எழுது."

சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்றாள் செரோனோ.

"கொட்டுனது என் செட்டப் ஓடுறப்போ. புகார் சொல்ல வேண்டியவன் நான். நான் சொல்லல. எழுது. இல்லேன்னா நான்தான் ஜெயிச்சிருப்பேன்னு சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டுத் திரிவா."

செரோனோ எழுதினாள். ஞாகுதீ அவனுடைய செட்டப்பை மறுபடியும் முதலிலிருந்து ஓட்டினாள், ஒரு சுற்றிலும் காலைத் தளர்த்தாமல். ஐம்பத்திரண்டு புள்ளி ஒன்று. கைதட்டல் அவனுக்கு, நைரோபியும் அவனுக்கு.

ஈரப் பையைத் தூக்கிக்கொண்டு அவள் வாசலுக்குப் போனாள். பராசா ஒரு கசங்கிய நோட்டோடு குறுக்கே வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"அஞ்சாவது வளைவுல பின்பக்கம் நழுவுச்சா?"

"நழுவுச்சு. பின் ஸ்பிரிங்கை ஒரு புள்ளி தளர்த்துங்க."

"யோசனை கேக்கல. நழுவுச்சான்னுதான் கேட்டேன்."

அவள் தெருவில் இறங்கினாள். நாலடி போய்த் திரும்பிப் பார்த்தபோது, அவன் நோட்டைச் சுவரில் வைத்து எழுதிக்கொண்டிருந்தான்.