பனி விழுந்தால் கூப்பிடுகிற ஆள்

எங்கள் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை காபி, கேக், பாட்டு. பாஸ்டனிலிருந்தும் மெய்னிலிருந்தும் பெயர் வாங்கியவர்கள் வந்து பாடுவார்கள். வெர்மாண்ட் பனியில் சாலை மூடி அவர்கள் வர முடியாமல் போனால், நிகழ்ச்சியை நடத்தும் லோயிஸ் எனக்குப் போன் போடுவாள். நான் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறேன். பாஞ்சோ வாத்தியத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே போய்விடுவேன். இருபத்தாறு வருடமாக இதே கதைதான்.

"பனி விழுந்தா போதும், ஆரின் முளைச்சிடுவான்" என்பான் கேக் வெட்டுகிற டுவைட். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துத் தொலைப்பேன்.

சுவரொட்டியில் என் பெயர் ஒருமுறைகூட வந்ததில்லை. போன வசந்தத்தில் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"எனக்குன்னு ஒரு நாள் குடேன், லோயிஸ். யாருக்கோ பதிலா இல்ல."

"நீ கேக்கவே இல்லையே" என்றாள்.

இத்தனை வருடம் வாய் திறக்காத மடையன் நான்தான் போல. பிப்ரவரியில் தேதி கொடுத்தாள். மளிகைக் கடை வாசலில் என் பெயர் போட்ட சுவரொட்டி ஒட்டினார்கள். பால் தீராமலே பால் வாங்கப் போனேன்.

அன்றைக்கு விடியும்போதே பனி. எனக்குக் கவலையில்லை. பனிக்காக நிகழ்ச்சி நின்றதே இல்லை. அது என்னைவிட யாருக்குத் தெரியும்? மூன்று மணிக்கு லோயிஸ் கூப்பிட்டாள்.

"இன்னைக்கு வேணாம்னு முடிவு பண்ணிட்டோம், ஆரின்."

"ஏன்? நான் நடந்தே வந்துடுவேனே."

"நீ வந்துடுவ. கேக்க யாரு வருவா?"

"போன வருஷம் முழங்கால் பனியில நாப்பது பேர் வந்தாங்க. நான்தான பாடினேன்?"



"அவங்க அன்னைக்குப் பாட வேண்டிய மெய்ன் பொண்ணுக்காக டிக்கெட் வாங்கினவங்க. வாங்கிட்டோமேன்னு வந்தாங்க. உனக்கு வாங்கினது நாலு பேர். அதுல நானும் டுவைட்டும் ரெண்டு."

"வேற தேதி?"

"கோடை வரைக்கும் எல்லாம் நிரம்பிடுச்சுப்பா."

ஆனாலும் போனேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். கீழ்த்தளக் கதவு பூட்டியிருந்தது. அதில் ஒட்டியிருந்த சுவரொட்டியில் என் பெயருக்கு மேலேயே 'ரத்து' என்று தாள் ஒட்டியிருந்தார்கள். அந்தப் படிக்கட்டில் நின்று அழுதேன். அறுபத்தொரு வயதில் அழுவதற்கு இடமா கிடைக்கவில்லை?

வீட்டுக்கு வந்ததும் லோயிஸுக்கு ஒரு பதிலைத் தயார் செய்தேன். 'இனி பனிக்கு வேற ஆளைப் பாத்துக்க.' சவரம் செய்யும்போதெல்லாம் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பழகினேன். கோபம் சரியாக வந்தது.

மார்ச் இரண்டாம் சனிக்கிழமை மறுபடியும் பனி. போன் அடித்தது.

"பாஸ்டன்காரர் பாதி வழியில மாட்டிக்கிட்டார், ஆரின்" என்றாள் லோயிஸ். "அம்பது பேர் வர்றாங்க."

அவளுக்குப் பின்னால் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. டுவைட் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தான்.

"எத்தனை மணிக்கு வரணும்?" என்றேன்.