பக்கத்தில் நிற்கும் பதவி

எங்கள் முன்னாள் படைவீரர் சங்கத்தில் எனக்கு வெகுகாலம் புரியாத விஷயம் ஒன்று இருந்தது. சங்கக் கட்டடத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்தால் ஆளுக்கொரு ஸ்பேனரோடு ஐந்தாறு பேர் ஓடி வருவார்கள். யாரும் கூப்பிட வேண்டாம். அதே ஆட்களை ஆண்டுக் கூட்டத்தில் உட்கார வைத்து, "அடுத்த செயலாளரா யார் வரீங்க?" என்று கேட்டால், அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் ஷூ லேஸ் அவிழ்ந்துவிடும். குனிந்த தலை நிமிராது.

அந்தச் செயலாளர் நான்தான். ஒரே ஒரு வருஷத்துக்கு என்று சொல்லித்தான் என் தலையில் கட்டினார்கள். ஏழாவது வருஷம் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வருஷம் எனக்கு அவசரம் வந்தது. வேறு ஊரில் இருக்கும் மகள் பிரசவத்தை எதிர்பார்த்திருந்தாள். மருமகனுக்குக் கப்பலில் வேலை, பாதி வருஷம் கடலில்தான். நானும் மனைவியும் வந்து ஒரு வருஷம் கூடவே இருக்கிறோம் என்று வாக்குக் கொடுத்திருந்தோம். ஆனால் கட்டடம் நகராட்சியுடையது. உள்ளூரிலேயே குடியிருக்கும் செயலாளர் ஒருவர் பொறுப்பில் இருந்தால்தான் அதைச் சங்கத்துக்கு விடுவார்கள்; இல்லாவிட்டால் பூட்டு. பூட்டினால் முழங்கால் பயிற்சி அறை போகும், இரவல் கொடுக்கும் சக்கர நாற்காலிகள் போகும். எங்கள் டீக்காக மட்டுமே வீட்டை விட்டு வெளியே வரும் சிலர் வீட்டோடு முடங்கிவிடுவார்கள்.

"ஏங்க, பேரப்பிள்ளை பொறந்து, நடை பழகி, இங்க வந்து உங்களைக் கூட்டிட்டுப் போகட்டும்னு இருக்கீங்களா?" என்றாள் மனைவி, பெட்டியில் துணியை அடுக்கியபடியே. அவளுடைய துணியை மட்டும்.

அவசரக் கூட்டம் போட்டேன். தலைவர் மேஜர், "யாராவது ஒருத்தர் கை தூக்குங்கப்பா" என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். டாங்கி கை தூக்கினார். டாங்கி ஓட்டியவர், அதனால் அந்தப் பெயர். கூடமே மூச்சை இழுத்துப் பிடித்தது.

"சொல்லுங்க டாங்கி!"

"ஃபேனைக் கொஞ்சம் குறைக்கலாமா சார்? கழுத்து பிடிக்குது."

கூட்டம் அத்தோடு கலைந்தது.

நான் படையில் சிக்னல் பிரிவில் இருந்தவன். தொலைபேசிக் கம்பியில் பழுது வந்தால் முழுக் கம்பியையும் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்து பயன் இல்லை. நடுவில் ஓர் இடத்தில் தொட்டுப் பார்க்க வேண்டும். அதுவரை சத்தம் வந்தால் பழுது அந்தப் பக்கம். வராவிட்டால் இந்தப் பக்கம். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால் பழுது தப்ப முடியாது. எங்கள் ஆட்களையும் அப்படியே சோதித்தேன். சோம்பேறிகளா? இல்லை, குழாய் சாட்சி. பொறுப்புக்கு அஞ்சுபவர்களா? டாங்கி எத்தனையோ பேரின் உயிரைச் சுமந்து ஓட்டியவர். ஆக, வேலை வரைக்கும் கம்பி சரியாக இருக்கிறது, பதவி என்ற இடத்தில் அறுந்து போகிறது. நடுவில் என்னதான் இருக்கிறது?

விடை சமையலறையில் கிடைத்தது. எங்கள் டீக்கு முறை உண்டு. காலையில், படையில் ஸ்டோர் பார்த்ததால் ஸ்டோர்க்காரர் என்று பெயர் வாங்கியவர் போடுவார், மதியத்துக்கு மேல் டாங்கி. அன்று நான் கிளாஸ் கழுவப் போனபோது டாங்கி தன் முறைக்கு வெகு முன்னாலேயே வந்து, ஸ்டோர்க்காரரை உரசிக்கொண்டு நின்றிருந்தார்.

"எந்த சிலிண்டர் ஓடுது?"

"இடது. வலது புதுசு. பால் ஒரு பாக்கெட் லேசா திரியற மாதிரி இருக்கு, அதை முதல்ல காலி பண்ணிடு. மேஜருக்குச் சர்க்கரை கிடையாது, கெஞ்சுவாரு, மசியாதே."

"சரி. நான் பார்த்துக்கறேன். நீ கிளம்பு."

ஸ்டோர்க்காரர் கிளம்பினார். நான் கேட்டேன், "டாங்கி, உங்க முறைக்கு இன்னும் நேரம் இருக்கே. ஏன் இவ்வளவு சீக்கிரம்?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "என்ன அண்ணே கேக்கறீங்க? பக்கத்துல நின்னு பார்க்காம யாராவது காவல் மாத்துவாங்களா?"

கையில் இருந்த கிளாஸை வைத்துவிட்டேன். பழுது பிடிபட்டுவிட்டது.

காவல் மாற்றுவது எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மணி அடித்ததும் பழைய காவலர் போய்விட மாட்டார். புதியவர் வந்து அவர் பக்கத்தில் நிற்பார். எது எங்கே இருக்கிறது, எது வழக்கம், எது இன்று புதிது என்று பழையவர் காட்டுவார். புதியவருக்குத் திருப்தி வந்து, போகலாம் என்று சொன்ன பிறகுதான் பழையவர் நகர்வார். ஒரு நொடிகூட இடம் காலியாக இருக்காது, தெரியாத இடத்தில் யாரும் தனியாக நிற்கவும் மாட்டார்.

எங்கள் தேர்தலிலோ கை தட்டிய மறு நிமிஷம் பழையவர் வீட்டுக்குப் போய்விடுவார். புதியவர் கையில் ஒரு சாவிக் கொத்து இருக்கும். எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று சொல்ல ஆள் இருக்காது. ஆயுளில் பாதியைக் காவல் மாற்றியே கழித்தவர்களிடம் போய், மாற்றாமலே காவலுக்கு நில் என்று கேட்டுக்கொண்டிருந்தோம். ஷூ லேஸ் அவிழாமல் என்ன செய்யும்?

மறுநாளே சிஸ்டரைப் பிடித்தேன். ராணுவ மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவர், மேஜரையே அதட்டக்கூடியவர்.

"சிஸ்டர், செவ்வாய்க்கிழமை காலையில நான் சங்க வேலை பார்க்கறப்போ கொஞ்சம் என் பக்கத்துல நிக்க முடியுமா?"

"நின்னா செயலாளர் ஆக்கிடுவீங்க. ஆளை விடுங்க."

"ஆக்க மாட்டேன். சும்மா நில்லுங்க."

முதல் செவ்வாய் அவர் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். மீட்டர் அறைச் சாவியைக் காட்டினேன், சக்கர நாற்காலிகளில் எதற்கு பிரேக் சரியில்லை என்று காட்டினேன். அடுத்த முறை நகராட்சி அலுவலக வரிசையில் என்னோடு நின்றவர், "இங்க கூட்டம் இல்லாத நேரமாப் பார்த்து வரக் கூடாதா?" என்று கேட்டார். ஏழு வருஷமாக எனக்குத் தோன்றாத கேள்வி. அதற்கடுத்த முறை, ஒழுகும் கூரைக்காக நான் நகராட்சியோடு தொலைபேசியில் குழைந்துகொண்டிருந்தபோது, ரிசீவரை என் கையிலிருந்து பிடுங்கினார்.

"தள்ளுங்க. இப்படிப் பேசினா அடுத்த மழைக்குத்தான் ஆள் வரும்."

மறுநாளே ஆள் வந்தது. அடைத்த கூரையை நிமிர்ந்து பார்த்துவிட்டு சிஸ்டர் என்னிடம் திரும்பினார். "இனிமே நான் பார்த்துக்கறேன். பொண்ணு காத்திருக்கா, கிளம்புங்க. பேத்தியா பேரனான்னு போன் மட்டும் பண்ணுங்க."

கிளம்பும் முன் ஒரு கூட்டம் நடத்தினேன். பதவிக்கு வருவீர்களா என்று இந்த முறை யாரையும் கேட்கவில்லை. "சிஸ்டர் பக்கத்துல யார் நிக்கறீங்க? மேஜர் பக்கத்துல யாரு? பொருளாளர் பக்கத்துல?" என்று மட்டும் கேட்டேன்.

"நிக்கறதுதானே? தனியா விட்டுட மாட்டீங்களே?" என்று ஸ்டோர்க்காரர் சந்தேகமாகக் கேட்டார்.

"நீங்க போகச் சொல்ற வரைக்கும் பழையவர் போக மாட்டாரு."

கைகள் உயர்ந்தன. சிஸ்டர் பக்கத்தில் நிற்க டாங்கி. மேஜருக்கு மட்டும் இரண்டு பேர்.

"யோவ், ஒருத்தர் போதும்யா. டீ கிளாஸைத் தூக்கக்கூட இடம் இருக்காது போல" என்றார் மேஜர். முகமெல்லாம் சிரிப்பு.

இதை மகள் வீட்டிலிருந்து, ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே எழுதுகிறேன். வேறு சங்கங்களும் ஆள் கிடைக்காமல் திண்டாடுவதாகக் கேள்வி, அதனால் எங்கள் விதியை அப்படியே தருகிறேன். தலைவர், செயலாளர், பொருளாளர் பதவிகளுக்கு நாங்கள் ஆள் கேட்பதில்லை. ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் நிற்கும் ஒருவரை மட்டும் தேர்ந்தெடுக்கிறோம். அவர் ஒரு வருஷம் பக்கத்தில் நிற்பார். அடுத்த வருஷம் பதவி அவருக்கு, அவர் பக்கத்தில் வேறொருவர். பழையவர் எப்போது வீட்டுக்குப் போகலாம் என்பதைப் புதியவர்தான் சொல்ல வேண்டும்.