காட்டுப் பாதிக்கு ஒரு பெண்

எந்தக் கலரைக் கலந்தாலும் மேக்கப் அக்கா முதலில் தன் இடது மணிக்கட்டில் ஒரு பொட்டு வைத்துப் பார்ப்பாள். அந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். அன்று காலை அடர்ந்த பழுப்பில் கறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, பஞ்சால் தொட்டு வைத்தாள். விளக்கடியில் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வைத்த பொட்டைக் காணோம். தோலோடு தோலாகப் போய்விட்டது.

“சூப்பர்க்கா! இதான் நான் கேட்ட கலர்,” என்றான் டைரக்டர். “இதையே ஆறு பேருக்கும் அடிச்சு விடுங்க. முகம், கை, கால், ஒரு இடம் விடாதீங்க.”

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கை தன் பாட்டுக்கு வேலையைத் தொடங்கிவிட்டது.

பாட்டு வீடியோவின் கதையை அப்போதுதான் டைரக்டர் எல்லாருக்கும் விளக்கினான். அடர்ந்த காடு. இலைப் பாவாடை கட்டி, பிளாஸ்டிக் எலும்பு மாலை போட்ட ஆறு பெண்கள். வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு பாடகர் வருவார். பெண்கள் உறுமிக்கொண்டே நாலு காலில் தவழ்ந்து அவரைச் சுற்றி வருவார்கள். அவர் ஒவ்வொருத்தியின் தாடையையும் தொடுவார். தொட்டதும் கறுப்பெல்லாம் போய், வெள்ளி கவுனும் சிவந்த மேனியுமாக வெட்கப்பட்டுக்கொண்டு நிற்பார்கள்.

“அவ்வளவுதான் கான்செப்ட். தொட்டா பளபளா!”

“தொடலைன்னா சார்?” என்றாள் வாயாடி. அந்த ஆறு பேரில் ஒருத்தி. அவளுடைய சொந்தப் பெயர் ஸ்டுடியோவில் யாருக்கும் ஞாபகமில்லை.

“தொடலைன்னா நீ காட்டுலயே கிட,” என்றார் டான்ஸ் மாஸ்டர். கொல்லென்று சிரிப்பு.

வாயாடியும் மேக்கப் அக்காவின் மகளும் ஒரே டான்ஸ் கிளாஸ். போன வாரம் ஆள் எடுக்க வந்த மாஸ்டர் முதலில் கை காட்டியது மகளைத்தான். டைரக்டர்தான் வேண்டாமென்று தட்டிவிட்டான். “ஆட்டம் அமர்க்களமாம். கலர்தான் செட் ஆகலையாம்க்கா, என்னைத் தப்பா நினைக்காதீங்க,” என்று மாஸ்டர் தலையைச் சொறிந்தார். மகளிடம் அதைச் சொல்ல இவளுக்கு நா எழவில்லை.

“உயரம் பத்தலையாம்டி,” என்று சொல்லி வைத்தாள்.

“என்னம்மா சொல்றே? வாயாடி என்னைவிடக் குட்டை!”

“கேமராவுல அவ உயரமாத் தெரியறாளாம்.”

மகள் வாசற்கதவை ஒட்டிய சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, தலைக்கு மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டுப் பார்த்தாள். அப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

இப்போது மேக்கப் அக்காவுக்குக் கணக்கு புரிந்தது. கறுப்பு இரண்டாம் பாதியில் உதிர வேண்டும். உதிராத கறுப்பு அவர்களுக்கு வேண்டாம்.

வாயாடிக்கு நெற்றியில் தொடங்கிப் பாதம்வரை அடித்து முடித்தாள். வாயாடி கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். வாய் சும்மா இருக்குமா?

“ஐயோ அக்கா! அப்படியே உங்க பொண்ணு மாதிரி ஆயிட்டேன் பாருங்க!”

அறை முழுக்கச் சிரித்தது. மேக்கப் அக்காவும் சிரித்தாள். மற்றவர்களைவிட ஒரு பங்கு கூடவே சிரித்தாள். சிரிப்பு அடங்கிய பிறகுதான் தன் குரல் தன் காதில் விழுந்தது. பஞ்சைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

ரிகர்சலில் வாயாடி குதித்த குதியில் கணுக்கால் பிசகியது. எழுந்து நின்றாள்; ஆனால் தவழவும் குதிக்கவும் முடியவில்லை.

“காட்டுப் பாதிக்கு மட்டும் உங்க பொண்ணைக் கூப்பிடுங்கக்கா,” என்றார் மாஸ்டர். “ஸ்டெப் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. பாடகர் தொடறப்போ கட் பண்ணிட்டு, அந்த இடத்துல வாயாடியை கவுனோட நிறுத்திடலாம். அதுல சும்மா நின்னாப் போதும்.”

“அட! மேக்கப்பும் மிச்சம்,” என்றான் டைரக்டர்.

மகள் எவ்வளவு ஏங்கினாள் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் வந்தால்? கறுப்புப் பூசிய அந்த முகங்களையெல்லாம் பார்ப்பாள். பூசியது யார் கை என்றும் தெரிந்துபோகும்.

“அவ ஊர்ல இல்லை மாஸ்டர். சித்தி வீட்டுக்குப் போயிருக்கா.”

மாஸ்டர் உச்சுக் கொட்டிக்கொண்டு போனார். மேக்கப் அக்கா வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தூரிகைகளைக் கழுவினாள். எல்லாம் கழுவி முடிப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்.

“நான் ஊர்ல இல்லைன்னு சொன்னியாம்மா?”

மகள் மூச்சு வாங்க நின்றாள். கையில் ஒரு பை. வீடு அடுத்த தெருதான்; வாயாடிதான் போன் போட்டு வரவழைத்திருக்கிறாள்.

“நான் வந்தா உனக்குக் கேவலமா?”

“அது இல்லடி...”

அதற்குள் டைரக்டர் வந்துவிட்டான். “வாம்மா வா! உனக்குப் பெயின்ட்டே வேணாம். நேரா மாலையை மாட்டிக்கிட்டு வந்து நில்லு.”

“ஒரு நிமிஷம் சார்.” மகள் பையிலிருந்து குதிகால் உயர்ந்த செருப்பை எடுத்தாள். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியது. “உயரம் பத்தாதுன்னு சொன்னீங்களாமே?”

“உயரமா? யாரு சொன்னா? காட்டுல எதுக்கும்மா ஹீல்ஸ்?” என்று அவன் சிரித்தான்.

மகள் சிரிக்கவில்லை. பிசகிய காலை ஊன்றாமல் நின்ற வாயாடியைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் தொங்கிய வெள்ளி கவுனைப் பார்த்தாள்.

“பாடகர் தொட்டதும் நான் என்ன செய்யணும் சார்?”

“அதோட உன் வேலை முடிஞ்சுது. அப்புறம் இவதான்.”

மகள் மேஜைக்குப் போனாள். கிண்ணத்திலிருந்த கறுப்புக் கலர்க் குழம்பில் விரலைத் தொட்டுத் தன் மணிக்கட்டில் வைத்தாள். விளக்கடியில் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அச்சு அசல் அம்மா மாதிரியே.

“நீ எந்தக் கையில வெச்சுப் பார்த்தேம்மா?”

மேக்கப் அக்காவின் இடது கை தானாக முதுகுப் பக்கம் போனது. மகள் அதைக் கவனித்துவிட்டாள்.

“நான் ஆடலை சார்.”

“என்னம்மா, எப்பேர்ப்பட்ட சான்ஸ்! உலகமே பார்க்கும்.”

“அதான் சார்.”

செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தாள். கதவருகே திரும்பினாள். “வர்றியாம்மா?”

அறை மொத்தமும் மேக்கப் அக்காவைப் பார்த்தது.

“வேலை பாதியில நிக்குதுடி. நீ போ, நான் வந்துடறேன்.”

“சரி,” என்றாள் மகள். அந்தச் ‘சரி’யில் கோபம்கூட இல்லை. பை முழங்காலில் இடிக்க இடிக்கப் படியிறங்கிப் போனாள்.

காட்டுப் பாதியை ஐந்து பேரோடு எடுத்து முடித்தார்கள். பிறகு மேக்கப் அக்கா எண்ணெயும் பஞ்சும் வைத்து ஒவ்வொருத்தியாகத் துடைத்து வெளுக்க வைத்தாள். சிவந்த கலரைக் கலந்து மணிக்கட்டில் ஒரு பொட்டு வைத்தபோது அது பளிச்சென்று தெரிந்தது. டைரக்டர் தூரத்திலிருந்தே கட்டை விரலைக் காட்டினான். வாயாடி மட்டும் வாயே திறக்கவில்லை. தாடையை நீட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.

எல்லாரும் கிளம்பிய பிறகு மணிக்கட்டைத் துடைத்தாள். சிவந்த பொட்டு ஒரே இழுப்பில் போனது. காலையில் வைத்தது எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. உத்தேசமாக முழங்கைவரை அழுத்தித் துடைத்தாள். பஞ்சு கறுத்தது. கையில் எதுவும் மாறவில்லை.

மேக்கப் பெட்டியைப் பூட்டினாள். வீட்டுக்குப் போக வேண்டும். அந்தப் பென்சில் கோட்டைத் தாண்டித்தான் உள்ளே நுழைய வேண்டும்.