சக்கரத்தில் ஒரு பித்தளைத் திருகாணி

சனிக்கிழமை காலை, சாத்தூர் பைபாஸ் ஓரம். என் சைக்கிளின் முன்சக்கரத்தைச் சங்கத் தோழி கமருன்னிசா தூக்கிப் பிடிக்க, நான் அதைச் சுற்றிச் சுற்றி விட்டுக்கொண்டிருந்தேன். சக்கரம் விர்ரென்று சுற்றியது. கைப்பிடியில் இருந்த, வேகம் காட்டும் மீட்டர் மட்டும் பூஜ்யத்தை விட்டு அசைவேனா என்றது.

"ஏலே, இன்னைக்குப் பாத்து உனக்கு என்னலே வந்துச்சு?" என்று மீட்டரைத் திட்டினேன்.

எங்கள் சைக்கிள் சங்கத்தில் முன்னால் போகிறவர்தான் மொத்த வரிசைக்கும் வேகம் வைக்க வேண்டும். மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் என்றால் இருபத்தைந்து. கூடினால் பின்னால் வருகிறவர்களுக்கு மூச்சு முட்டும், குறைந்தால் ஒருவர் மேல் ஒருவர் வந்து மோதுவார்கள். அதனால் மீட்டர் ஓடாத சைக்கிள் முன்னால் போகக் கூடாது என்று விதி. போனைப் பார்த்துக்கொண்டு ஓட்டவும் கூடாது. இதுவரை முன்னால் போனவர்கள் எல்லோருமே ஆண்கள். இன்றைக்கு என் முறை. யாரும் தூக்கிக் கொடுத்ததல்ல, கேட்டு, முறைத்துக்கொண்டு, சண்டை போட்டு வாங்கியது.

அதுவும் இன்றைய பாதை தாயில்பட்டி வழியாகச் சுற்றிக்கொண்டு வெம்பக்கோட்டை அணைக்குப் போவது. என் வீட்டுக்காரர் ராஜசிங் ஃபோர்மேனாக இருக்கிற பட்டாசுக் கம்பெனி அந்த வழியில்தான் இருக்கிறது. "டீ நேரத்துக்குக் கேட்டுக்கு வெளிய வந்து நில்லுங்க. மொதச் சைக்கிளைப் பாருங்க" என்று சொல்லி வைத்திருந்தேன். மனிதர் கட்டாயம் வந்து நிற்பார். நான் கடைசிச் சைக்கிளில் போனால் எப்படி இருக்கும்? நினைக்கவே பற்றிக்கொண்டு வந்தது.

மீட்டரில் கடிகாரம் ஓடியது. அப்படியென்றால் மீட்டருக்குள் இருக்கிற பேட்டரி சரி. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் ஒரு சின்ன டப்பா இருக்கும். சக்கரம் சுற்றுவதை எண்ணி, ஒயர் இல்லாமலே மீட்டருக்குச் சொல்வது அதுதான். அதற்குள் காசு அளவில் ஒரு பேட்டரி. நான் தீக்காய வார்டில் நர்ஸ். சர்க்கரை பார்க்கும் கருவிக்காக அதே பேட்டரி என் பையில் எப்போதும் இருக்கும். மாற்றிப் போட்டேன். பூஜ்யம். தலைகீழாகப் போட்டுவிட்டேனோ என்று கழற்றிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. டப்பாவைச் சக்கரக் கம்பிகளுக்கு இன்னும் நெருக்கமாகத் தள்ளினேன். பக்கத்தில் நின்றவர்களைப் போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போகச் சொன்னேன், அலை குறுக்கிடுகிறதோ என்று. எல்லோரும் பயபக்தியோடு தள்ளிப் போனார்கள். அப்போதும் பூஜ்யம்.

சாம்சுந்தர் சார் நல்ல மனிதர், கணக்கு வாத்தியார். ஆனால் அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த பரிவு எனக்குப் பிடிக்கவில்லை.

"சிஸ்டர், வெயில் ஏறுது. இன்னைக்கு நான் முன்ன போறேன். நீங்க அடுத்த வாரம் போங்களேன்" என்றார்.

அன்றைக்கு வந்தவர்களில் அவரிடம்தான் இன்னொரு மீட்டர் இருந்தது. அது செயற்கைக்கோளைப் பார்த்து ஓடுகிற விலை கூடிய மீட்டர். அதைக் கழற்றித் தர அவருக்குத் தோன்றவில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

"அஞ்சு நிமிஷம் பொறுங்க சார்" என்று உட்கார்ந்து, சக்கரத்தை மெல்ல, கம்பி கம்பியாகத் திருப்பினேன். ஒரு கம்பியில் மஞ்சளாக ஏதோ பளபளத்தது. அந்தக் கம்பியில்தான் கறுப்பாக ஒரு காந்தம் இருக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் அது டப்பாவைக் கடக்கும்போதுதான் கணக்கு ஏறும். இப்போது அந்த இடத்தில் ஒரு பித்தளைத் திருகாணி, நட்டு போட்டு முடுக்கி, துடைத்து, தங்கம் போல மின்னிக்கொண்டிருந்தது.

சுடிதாரில் இருந்த ஊக்கைக் கழற்றி அதில் வைத்துப் பார்த்தேன். ஒட்டாமல் கீழே விழுந்தது.

யார் வேலை என்று கேட்கவே வேண்டாம். முந்தின நாள் சாயங்காலம், "நாளைக்கு நீ முன்ன போறவ, சைக்கிள் பளிச்சுன்னு இருக்கணும்லா" என்று என் வீட்டுக்காரர் உட்கார்ந்து துடைத்தார். ரோட்டுத் தூசியில் இருக்கிற இரும்புப் பொடி காந்தத்தில் அப்பிக் கிடந்திருக்கும். போதாதா? பட்டாசு மருந்து இருக்கிற இடத்தில் இரும்போடு இரும்பு உரசிப் பொறி பறந்தால் என்ன ஆகும் என்று தினமும் ஆட்களுக்குச் சொல்கிற மனிதர். அவர் சாவிக்கொத்து பித்தளை, பெல்ட் பக்கிள் பித்தளை. பெட்டியைத் திறந்தால் சுத்தியல்கூடப் பித்தளைதான். ஒயரே இல்லாத மீட்டருக்கு இந்தத் துண்டு எதற்கு, அழகுக்குத்தானே என்று நினைத்து, இரும்புப் பொடி பிடிக்கிற சனியனைக் கழற்றிவிட்டுப் பித்தளையை மாட்டியிருக்கிறார்.

போன் போட்டுத் திட்டவும் வழியில்லை. கம்பெனிக்குள் போகுமுன் எல்லோரும் போனைக் கேட்டில் கொடுத்துவிடுவார்கள்.

கோபம் தலைக்கு ஏறியது. ஆனால் நிற்கவில்லை. சீசன் வந்தால் என் வார்டில் கட்டில் காலியாகாது. யார் யார் எந்தெந்தக் கம்பெனியிலிருந்து வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவர் ஷெட்டிலிருந்து ஒருவர்கூட வந்ததில்லை. அந்தக் கையால் முடுக்கிய திருகாணியை நான் எப்படித் திட்டுவது? பெருமையாகத்தான் இருந்தது. ஆனாலும் மீட்டர் ஓட வேண்டுமே!

"எங்கயாவது ஒரு காந்தம் கெடைக்குமா?" என்றேன் பொதுவாக.

கமருன்னிசா சக்கரத்தைக் கீழே விட்டாள். "காந்தம்தான வேணும்? இத முன்னாடியே சொல்ல வேண்டியதுதானக்கா!" என்று கழுத்தோரம் கையை விட்டு, தலைத்துணியைப் பிடித்திருந்த பொத்தானை எடுத்தாள். மேல் ஒன்று, அடியில் ஒன்று, நடுவில் துணியைக் கவ்வுகிற இரண்டு காந்த வில்லைகள். "ஊக்குக் குத்துனா துணி கிழியுதுன்னு எங்கண்ணன் வாங்கித் தந்துச்சு."

கீழே கிடந்த என் ஊக்கை எடுத்துத் துடைத்து அவள் தலைத்துணியில் குத்திவிட்டேன். "இன்னைக்கு ஒருநா பொறுத்துக்க கமரு."

ஒரு வில்லையைப் பித்தளைக்குப் பக்கத்தில் கம்பியில் வைத்தேன். டக்கென்று ஒட்டிக்கொண்டது. அதன்மேல் வார்டில் காயத்துக்கு ஒட்டுகிற வெள்ளைப் பிளாஸ்திரியை இரண்டு சுற்று சுற்றினேன். திருகாணியைக் கழற்ற மனசு வரவில்லை. அது பாட்டுக்கு இருக்கட்டும்.

கமரு சக்கரத்தைத் தூக்கினாள். சுற்றிவிட்டேன். மீட்டர் ஒரு நொடி யோசித்தது. பிறகு பன்னிரண்டு, பத்தொன்பது, இருபத்தாறு என்று ஏறியது. கமரு விசில் அடித்தாள்.

"போலாமா சார்?" என்று சாம்சுந்தர் சாரைக் கேட்டேன்.

"நீங்கதான் சொல்லணும் சிஸ்டர்" என்றார். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எனக்குப் பின்னால் வந்து நின்றார்.

இருபத்தைந்தை விட்டு நான் நகரவில்லை. காற்று எதிரே அடித்தபோதும் சரி, மேட்டிலும் சரி, இருபத்தைந்து. அச்சங்குளம் பக்கம் லோடு லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு உரசிப் போனது. அப்போதும் எனக்குப் பின்னால் வரிசை அறுபடவில்லை.

தாயில்பட்டி தாண்டியதும் கம்பெனி கேட் தெரிந்தது. உள்ளே அடுப்பு மூட்டக் கூடாது என்பதால் டீ எப்போதும் வெளியேதான். வேப்பமரத்தடியில் ஆட்கள் டம்ளரோடு நின்றார்கள். எல்லோருக்கும் முன்னால் ரோட்டோரமாக என் வீட்டுக்காரர் நின்றார். அவர் முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை. சக்கரத்தைத்தான் பார்த்தார். பித்தளையும் பக்கத்தில் வெள்ளைப் பிளாஸ்திரியும் சுற்றுவதைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். அப்புறம்தான் நிமிர்ந்தார்.

திரி வைக்கிற வெள்ளைத்தாய் கேட்டது என் காதில் விழுந்தது. "ஃபோர்மேன் சார், அம்புட்டு ஆம்பளைகளுக்கும் முன்ன ஒரு பொம்பளை போகுதே, யாரு சார்?"

வீட்டில் வாய் திறந்து ஒரு வார்த்தை பாராட்டாத மனிதர், ஷெட்டுக்கு ஷெட் கேட்கிற தன் வேலைக் குரலில் சொன்னார்:

"எங்க வீட்டுல ஞானஜோதி! இந்த வரிசைக்கு அவதான் ஃபோர்மேன்!"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் போகிறவள் திரும்பக் கூடாது. கண் மட்டும் கலங்கிவிட்டது, மீட்டர் சரியாகத் தெரியவில்லை.

"சிஸ்டர், முப்பது! வேகம் கூடுது, வேகம்!" என்று பின்னாலிருந்து சாம்சுந்தர் சார் கத்தினார்.

அன்றைக்குச் சார் சொன்னதில் சரியானது அது ஒன்றுதான்.