முன் இருக்கையின் குளிர்

செல்வமுருகனின் ஜீப்பில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை, அவன் மனைவி சுபஸ்ரீயின் காரியம் முடிந்த மறுநாள் குளிர ஆரம்பித்தது. அது சித்திரை மாதம். மலையடிவாரத்து ஆயக்குடியில் கொய்யா மரங்களே வாடி நின்ற வெயிலில், அந்த ரெக்சின் மேல் மட்டும் வெள்ளையாக உறைபனி படிந்திருந்தது. பார்த்தவர்கள் உப்பு என்று நினைத்தார்கள். தொட்டுப் பார்த்த பிறகு, கொய்யா மண்டிக்குப் போகிறவர்கள் மோர் பாட்டிலை இருக்கையின் ஓரத்தில் வைத்துவிட்டுத் திரும்பி வரும்போது எடுத்துக்கொண்டார்கள். செல்வமுருகன் தடுக்கவில்லை. நடுவில் மட்டும் எதையும் வைக்க விடவில்லை.

சுபஸ்ரீ கொடைக்கானலுக்கும் மேலே பூம்பாறையில் பூண்டு விவசாயம் செய்யும் குடும்பத்துப் பெண். நாலு பேர் ஏறினாலே ஜீப்பின் பழைய பெட்ரோல் எஞ்சின் மலையில் திணறுவதைப் பார்த்துவிட்டு, பிக்கப் வேனிலிருந்து கழற்றிய டீசல் எஞ்சின் ஒன்றைத் திண்டுக்கல் பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடித்தவள் அவள்தான். அதைப் பொருத்துவதற்குள் காய்ச்சல் வந்து போய்ச் சேர்ந்தாள். அவளுடைய அம்மா பொன்னுத்தாய் அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் பூண்டுக் காட்டில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டிருந்தாள். மகளின் முகத்தையாவது பார்க்கட்டும் என்று உடலை ஆம்புலன்சில் மேலே கொண்டுபோய் அங்கேயே எரித்தார்கள். கீழே வந்த செல்வமுருகன் எஞ்சினை மாற்றினான். மெக்கானிக்கல் படித்தவன். கைகளுக்கு வேறு வேலை தெரியவில்லை.

எஞ்சின் நன்றாக ஓடியது. சூட்டைத்தான் அடக்க முடியவில்லை. புது எஞ்சின் நீளமானது. அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவே கைவிரல் நுழையும் இடம்தான் மிஞ்சியது. பெரிய ரேடியேட்டர் வைத்தான். மின்விசிறியை முன்பக்கம் மாற்றினான். மலையில் வண்டி மெதுவாக ஏறும், காற்று போதாது; உயரம் கூடக்கூடத் தண்ணீரும் சீக்கிரமே கொதிக்கும். ஒவ்வொரு முறையும் பாதி மலையில் சவரிக்காட்டை எட்டுவதற்குள் ஆவி பீறிட்டது. அப்போதும் பக்கத்து இருக்கையில் பனி உருகவில்லை.

சேதி பூம்பாறைக்குப் போயிற்று. பொன்னுத்தாய் போன் செய்தாள். வாசல் வரைதான் அவளால் நடக்க முடியும். பஸ்ஸில் உட்கார்ந்து அத்தனை வளைவுகளில் இறங்குவது நடக்காத காரியம்.

“பிள்ள அங்கதான் உக்காந்திருக்காளாமே மாப்ள. ஒரு தடவ கூட்டிட்டு வாங்க. தொட்டுப் பாத்துக்கிறேன்.”

அவன் இருக்கையைக் கழற்றி லாரியில் அனுப்பப் பார்த்தான். வெளியே எடுத்ததும் அது வெறும் ரெக்சினாகிவிட்டது. குளிர் ஜீப்புக்குள்ளேயே, உட்கார்ந்த ஆளின் உயரத்துக்கு நின்றது. ஜீப்பையே லாரியில் ஏற்றிவிடலாம் என்றார் பெருமாள்மலையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் சேனாதிபதி. பொன்னுத்தாய் ஒத்துக்கொள்ளவில்லை. “ஒரு தடவ ஏத்தி அனுப்புனீங்க, நான் எறக்கிக்கிட்டேன். இந்தத் தடவ அவ உக்காந்து வரட்டும்.”

வழி ஒன்றுதான் இருந்தது. அதை அவன் நாள்கணக்கில் தள்ளிப்போட்டான். குளிர் என்று தனியாக எதுவும் இல்லை, சூடு இல்லாத இடம்தான் அது என்று கல்லூரியில் படித்திருந்தான். எஞ்சினின் சூட்டை அங்கே அனுப்பினால் வண்டி மலையேறிவிடும். ஆனால் அந்த இடம் சூட்டால் நிரம்பிவிடும். கடைசியில், இருக்கைக்கு அடியில் செப்புக் குழாயை வளைத்து வளைத்துப் பதித்தான். நடுவே ஒரு வால்வு. ரேடியேட்டரால் சமாளிக்க முடியாத நேரத்தில் மட்டும் அது திறக்கும். மற்ற நேரம் இருக்கைக்குச் சூடு போகாது. இப்படிச் சிக்கனமாகப் போனால், மேலே சேரும்போது பாதிக் குளிராவது மிஞ்சும் என்று கணக்குப் போட்டான். குழாய்களை இணைத்துக் காற்றை வெளியேற்ற சேனாதிபதி பஸ்ஸில் இறங்கி வந்து உதவினார். மறுநாள் வெள்ளனே இருவரும் கிளம்பினார்கள். சேனாதிபதி பின்னால் உட்கார்ந்தார்.

சவரிக்காட்டில் வண்டி கொதிக்கவில்லை. பெருமாள்மலையில் நிறுத்தி, செல்வமுருகன் பக்கத்து இருக்கையில் கையை வைத்துப் பார்த்தான். பனி இல்லை. ஓடைத் தண்ணீரின் குளிர்ச்சிதான் இருந்தது. பானெட்டைத் திறந்தான்.

“வால்வு எங்கண்ணே?”

“அத நேத்தே கழட்டிட்டேனே தம்பி. மலை வண்டிக்கு எவன் வால்வு வைப்பான்? பத்து வண்டி வந்தா பத்துலயும் கழட்டி எறியறதுதான் என் சோலியே. ஒங்க ஷெட்டுல ஆணியில தொங்குது.”

வால்வு இல்லாமல் நேராக இருக்கைக்குப் போன குழாயைச் செல்வமுருகன் பார்த்தான். அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் சேனாதிபதிக்குப் புரிந்தது. “திரும்பிருவோமா? எறக்கந்தான், எஞ்சின் சூடாகாது. மிச்சம் தங்கும். வால்வ மாட்டிட்டு இன்னொரு நாளு வருவோம்.”

மிச்சம் என்று இருந்தது ஒரு கை அளவு குளிர். அதைக் காப்பாற்றிக்கொண்டு போனால் ஆயக்குடியில் எப்போது வேண்டுமானாலும் தொட்டுக்கொள்ளலாம். மேலே வாசலில் நாற்காலி போட்டு ஒருத்தி காத்திருந்தாள். செல்வமுருகன் பானெட்டை மூடினான். “ஏறுங்கண்ணே,” என்றான். “வேணாம். நீங்க ரெண்டு பேரும் போங்க,” என்று சேனாதிபதி தன் ஒர்க்‌ஷாப் பக்கம் நடந்தார்.

அதற்கு மேல் அவன் இருக்கையைத் தொடவில்லை. கொடைக்கானலைத் தாண்டி, மன்னவனூர் சாலையில் மேகத்துக்குள் நுழைந்து, பூண்டுக் காடுகள் படிப்படியாகத் தெரியும் வரை சாலையை மட்டும் பார்த்து ஓட்டினான். எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் பாதியிலேயே நின்றது.

பொன்னுத்தாய் சுவரைப் பிடித்து நடந்து வந்து, அவன் கையைப் பற்றி ஏறி உட்கார்ந்தாள். உள்ளங்கையை இருக்கையில் ஊன்றினாள்.

“சூடா இருக்கே மாப்ள.”

அவன் வால்வைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தான். அவள் காதில் வாங்கவில்லை.

“எஞ்சின் சூடு இல்ல இது. ஆளு உக்காந்து எந்திரிச்ச சூடு. இப்பத்தான் எறங்கியிருக்கா. எங்க எறங்குனா?”

செல்வமுருகன் யோசித்தான்.

“பெருமாள்மலைக்கு மேல, அத்தை.”

“அங்கதான் அவளுக்குக் கொமட்டும்,” என்றாள் பொன்னுத்தாய். “காத்தாட நடந்து வரட்டும்.”

எஞ்சின் ஆறிய பிறகும் அந்தச் சூடு ஆறவில்லை. மறுநாள் காலையிலும் அப்படியே இருந்தது. ஜீப் இப்போது பூம்பாறையிலிருந்து பூண்டு மூட்டைகளை இறக்குகிறது, ஆயக்குடியிலிருந்து கொய்யாப் பெட்டிகளை ஏற்றுகிறது. கொதித்ததே இல்லை. மற்ற வண்டிக்காரர்களும் செப்புக் குழாய் பதித்துப் பார்த்தார்கள். அவர்களுடைய இருக்கைகள் வெந்துதான் போயின. பனிக்காலத்தில் வழியில் கைகாட்டி ஏறுகிறவர்கள் செல்வமுருகனின் முன் இருக்கையைத்தான் கேட்கிறார்கள். ஏறியதும் கதவோரம் ஒதுங்கிப் பாதி இருக்கையில் உட்காருகிறார்கள். இடம் போதவில்லை என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.